ஆபீசரின் கையெழுத்து

பூனை தின்றால்தான் அவன் வாங்குவான்.

கழிமுகத்துப் பாலத்தடியில் எத்தனையோ பேர் மீன் விற்றார்கள். பூனையை வைத்து விற்றவள் அந்த அக்கா ஒருத்திதான். முதல் துண்டை அறுத்துப் பூனைக்குப் போடுவாள். அது தின்று, மீசையை நக்கி, காலை நீட்டிப் படுத்தால் வியாபாரம் தொடங்கும்.

"ஆபீசர் கையெழுத்துப் போட்டாச்சு. வாங்க, வாங்க!"

ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போன அதிகாரிகள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பிடித்துப்போனது போன மழைக்கு முந்தின மழையில். பூனை உடனுக்குடன் சொல்லிவிடும். அதுவும் லஞ்சம் வாங்கிக்கொண்டுதான் சொல்லும் என்றாலும், எல்லார் கண்ணெதிரேயே வாங்கும்.

அவன் வேலைச் சட்டையைக் கழற்றி வண்டிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்துவிட்டுப் பனியனோடு நின்றான். கேட்டால், சட்டையில் மீன் வாடை ஒட்டிக்கொள்ளும் என்பான்.

வீட்டில் மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. எதை வைத்தாலும் தட்டை நகர்த்துகிறவள், கொடுவா மீன் என்றால் இரண்டு வாய் கூடத் தின்றாள். இந்த முறை அவள் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை என்று அவன் தீர்மானித்திருந்தான். பூனையைக் கேட்காமல் வாங்குவதில்லை என்றும்.

கொடுவாதான் அவனுக்குப் பயம். ஆற்று நஞ்சு வதந்தி மாதிரி. சேற்றில் அது வெறும் கிசுகிசு. புழு அதைக் கேட்டு இறாலிடம் சொல்லும், இறால் பொடிமீனிடம், பொடிமீன் கொடுவாவிடம். அங்கே வந்து சேரும்போது கையும் காலும் முளைத்திருக்கும். அதற்கு மேல் சொல்ல, மனிதனை விட்டால் கொடுவாவுக்கு யார் இருக்கிறார்கள்?

பூனை தின்றது. மீசையை நக்கியது.

அக்கா செதிலைச் சீவித் துண்டு போட்டாள். கீழே வைத்த பையை எடுக்க அவன் குனிந்தபோது, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கு அசைந்தது.

சாக்கின் மேல் இன்னொரு பூனை. அதே சாம்பல் நிறம். எழுந்து நிற்கப் பார்த்தது. பின்கால் இரண்டும் அதன் பேச்சைக் கேட்கவில்லை. தலை ஆட, இருந்த இடத்திலேயே ஒரு வட்டமடித்து விழுந்தது. பக்கத்துக் கூடையில், அதே சாம்பல் நிறத்தில், குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

அக்கா கத்தியை நிறுத்தவில்லை.

"அவரு ரிட்டையர் ஆன ஆபீசர், தம்பி. கண்டுக்காத."

"அப்போ இது?" தின்றுவிட்டுப் படுத்திருந்ததைக் காட்டினான்.

"இவரு போன மாசந்தான் டூட்டில சேந்தாரு." குரலைத் தணித்தாள். "என்னை என்ன பண்ணச் சொல்ற? ஆத்துல கெடைக்கறதத்தானே விக்க முடியும்? விஷத்த நானா கொட்டுனேன்?"

அவன் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"வேணாங்க்கா. அவளுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல."

"நல்லா இருக்கே! வெட்டுன மீன நான் என் தலைலயா கட்டிக்க?"

இடுப்பில் குழந்தையோடு பின்னால் நின்ற பெண் முன்னே வந்தாள். "எனக்குக் குடுங்க." பிறகு அவனைப் பார்த்தாள். "நல்ல மீனுதானே அண்ணா?"

குழந்தை பூனையைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது. அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷம் என்று வாயெடுத்தால், எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வி வரும்.

"பூனை தின்னுச்சும்மா," என்றான்.

வண்டியிடம் போய்ப் பெட்டியைத் திறந்தான். சட்டையை உதறி மாட்டிக்கொண்டான். பாக்கெட்டின் மேல் ஆலையின் பெயர் தைத்திருந்தது. அதன் கீழே, சின்ன எழுத்தில், கழிவுநீர்ப் பிரிவு.

பாலத்துத் தூணில் ஈரக் கோடு தெரிந்தது. தண்ணீர் கடலுக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. வால்வைத் திறந்துவிட ஆலை அவனுக்குச் சொல்லியிருந்த நேரம் அதுதான்.