ஆகக் குறைந்த கேள்வி

“ஆகக் குறைஞ்ச ரெண்டர் எண்டு சந்தோசப்படாதேங்கோ, சேர். அந்த மனுசிக்குத் தேவை கட்டிடமில்லை. சீமெந்து!”

குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார் கனகலிங்கம். வவுனியாவில் அரசாங்கக் கட்டிடங்களில் பாதி அவர் கட்டியவை. காலையில் ரெண்டருக்கு வந்த விலைக் கேள்விப்பத்திரங்களைத் திறந்தபோது, வாழ்க்கையில் முதல் முறையாக இராசமலர் என்ற ஒரு பெண்ணுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்திருந்தார்.

பொறியியலாளர் குகதாசனின் மேசையில் கிடந்தது நெளுக்குளத்தில் கட்டவிருந்த ஆய்வுக் கருவிகள் திருத்தும் நிலையத்தின் கோப்பு. மலேரியாக் கிருமி பார்க்கும் நுண்ணோக்கி ஒன்று பழுதானால் கொழும்புக்கு அனுப்பிவிட்டு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் அதுவரை காத்திருப்பதில்லை.

பெரும்பாடு பட்டுப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. மாசியில் இராணுவ முகாம் ஒன்று எழும்பிப் போனதால் காணியும் கிடைத்திருந்தது. இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டு முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். இன்னும் ஆறு கிழமைதான்.

“அவளின்ர புருசன் நல்லதம்பி எங்கை இருக்கிறான் எண்டு தெரியுமோ? அங்கால, மல்லாவியில. அங்கை ஒரு பை சீமெந்து என்ன விலைக்குப் போகுது எண்டு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேணுமோ?”

குகதாசன் எழும்பி யன்னலால் வாசலைப் பார்த்தார். தாண்டிக்குளம் சோதனைச்சாவடிக்கு அப்பால், இயக்கத்தின் பகுதிக்குச் சீமெந்து போகத் தடை. மொத்தமாக எடுக்கும் பெர்மிட், அரசாங்க வேலை எடுத்தவருக்குத்தான் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னர் வேறொரு வேலைத்தளத்தில் இருபது பை குறைந்ததற்கு அவரை இராணுவம் மூன்று நாள் இருத்தி வைத்து விசாரித்தது. இப்போதும் வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

கனகலிங்கம் போன பிறகு இராசமலரின் கேள்விப்பத்திரத்தை வரி வரியாகப் பார்த்தார். சுவர், கூரை, தூசி புகாத அறை எல்லாவற்றுக்கும் நியாயமான விலைதான். அத்திவாரம் வெட்டுவதற்கு மட்டும் விலையே இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு கீறியிருந்தாள்.

காணி பார்க்கப் போன நாளிலும் அவள் ஒரு மாதிரித்தான் இருந்தாள். மற்றக் கொந்தராத்துக்காரர்கள் கிணற்றையும் லொறி வரும் வழியையும் பார்த்துத் திரிந்தார்கள். அவள் மழைச் சேற்றில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். வேலை தெரியாதவள் என்று அன்று நினைத்தார். இன்று அப்படித் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை கூப்பிட்டனுப்பினார். சைக்கிளை வெளியே விட்டுவிட்டு வியர்வையோடு உள்ளே வந்தாள்.

“இருங்கோ.”

“நிக்கிறன், ஐயா.”

“அத்திவாரம் வெட்டக் கூலி போடேல்லை. மறந்து போனியளோ?”

“மறக்கேல்லை. நானும் மகளும் வெட்டுவம்.”

“நாலு ஆம்பிளையள் ரெண்டு கிழமை முறிய வேண்டிய வேலை. அதைச் சும்மா செய்யிறன் எண்டால், வேற எதிலயோ உழைக்கப் போறியள் எண்டுதானே அர்த்தம்?”

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“உங்கட மனுசன் மல்லாவியில எண்டு சனம் கதைக்குது.”

“ஓம், ஐயா. அப்பிடித்தான் கதைக்கினம்.”

அவள் மறுக்கவில்லை. குகதாசனுக்கு அது போதுமாயிருந்தது. பேனையைத் திறந்தார்.

“குறை நினைக்காதேங்கோ, பிள்ளை. உங்கட ரெண்டரை நான் வெட்டத்தான் வேணும். சீமெந்து கைமாறினால் அவங்கள் வந்து பிடிக்கிறது என்னை. எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

அழுவாள், அல்லது சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ மேசைக்குக் கிட்ட வந்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வெட்டுங்கோ, ஐயா. கட்டிடத்தைக் கனகலிங்கத்தாருக்கே குடுங்கோ. பெர்மிட்டும் அவருக்கே போகட்டும். எனக்கு ஒரு பை சீமெந்தும் வேண்டாம். அத்திவாரம் வெட்டுறதை மட்டும் என்னட்டைத் தரச் சொல்லுங்கோ. மிசின் விட வேண்டாம். மண்வெட்டியால மெதுவா, மெதுவா வெட்டித் தாறன்.”

பேனை அப்படியே நின்றது. சீமெந்தும் வேண்டாம், கூலியும் வேண்டாம், மண்ணை மட்டும் வெட்ட விடு என்று எவளாவது கெஞ்சுவாளா?

அடுத்த கணம் குகதாசனுக்கு விளங்கியது. ஆயுதம்! முகாம் எழும்பிய பிறகு மல்லாவிக்காரன் எதையோ அந்தக் காணிக்குள் புதைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதை எடுக்கத்தான் பெண்சாதியை அனுப்பியிருக்கிறான். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அவளுக்குக் கிட்ட நின்று கேட்டார்.

“உண்மையைச் சொல்லும். அதுக்குள்ள என்னத்தைத் தாட்டு வைச்சிருக்கிறியள்?”

இராசமலர் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“முகாமில இருந்தவைதான், ஐயா… என்ர மனுசனைத் தாட்டவை.”