சிவப்பா, நீலமா?

"அத்தான், இது எத்தனையாவது வாய்தா?"

வீட்டுக்குள் கால் வைக்கும்போதே பல் டாக்டர் ஆரம்பித்துவிட்டார். அக்கா புருஷன் வக்கீல். அவரை அவர் தொழில் பாஷையிலேயே குத்துவதில் மச்சினருக்குத் தனி ருசி.

வக்கீல் பேப்பரை இறக்கவே இல்லை. "உட்காருடா. காபி சாப்பிடு."

"காபி கிடக்கட்டும். நாளைக்கு மலை ரேஸுக்கு உங்க வண்டி வருதா, இல்லையா?"

இரண்டு பேரிடமும் பழைய ரேஸ் ரகக் கார்கள். இரண்டும் ஒரே கம்பெனி. வக்கீலுடையது சிவப்பு. இரண்டே கதவு, எடை குறைவு, வளைவில் பாம்பாக நெளியும். டாக்டருடைய நீலம் அதைவிட ஐந்து வயது இளையது. எஞ்சின் பெரியது, நேர் ரோட்டில் பிய்த்துக்கொண்டு போகும். எது உசத்தி என்று கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் இருவரும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வருடமாகச் சிவப்பு ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. கேட்டால் வெயில் என்பார், மழை என்பார், முட்டிவலி என்பார்.

"நாளைக்கும் வரலேன்னா, நம்ம கார் கிளப்புல எல்லார் முன்னாடியும் 'நான் தோத்துட்டேன், நீலம்தான் உசத்தி'ன்னு உங்க வாயால சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேத்தியோடு சீட்டாடித் தோற்றால்கூட மேல்முறையீடு செய்கிற மனுஷர் இவர்! இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது.

வக்கீல் குளிக்கப் போனதும் டாக்டர் நைசாக ஷெட்டுக்குள் நுழைந்தார். படுதாவை நீக்கினார். மெழுகு போட்டு மினுமினுவென்று நின்றது சிவப்பு. சாவி வண்டியிலேயே தொங்கியது. திருகினார். கிர்ர் என்றது, அவ்வளவுதான்.

பானெட்டைத் தூக்கினார். எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒரு கந்தல் துணியைச் சுருட்டி அடைத்திருந்தது.

இந்த இரண்டு மாடலுக்கு மட்டும் கம்பெனி போட்ட கார்புரேட்டர் அது. இப்போது தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. டாக்டருக்கு ரத்தம் கொதித்தது.

"அக்கா! உன் வீட்டுக்காரர் பண்ணியிருக்கிற காரியத்தை வந்து பாரு! கார்புரேட்டரைக் கழட்டி எவனுக்கோ வித்துட்டு, வெறும் கூட்டைத் துடைச்சு வெச்சு ஊருக்கே படம் காட்டறார். வெட்கமா இல்லே அவருக்கு?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அக்கா, தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வித்தாரா? போன வருஷம் உன் வண்டி நடுரோட்டுல படுத்துச்சே. சோறு தண்ணி இல்லாம, பறிகொடுத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தியே. அப்புறம் மெக்கானிக் ஒரு கார்புரேட்டரைக் கொண்டுவந்து மாட்டினானே, அது யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா நீ?"

தினமும் பத்துப் பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு வருடமாக அடித்த நக்கலையெல்லாம் நினைக்க நினைக்க, வெட்கம் பிடுங்கித் தின்றது.

தலை துவட்டிக்கொண்டே வந்தார் வக்கீல். திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார். குட்டு உடைந்துவிட்டது என்று புரிந்ததும் மனைவியை ஒரு முறை முறைத்தார்.

டாக்டர் பானெட்டை மெல்ல இறக்கி மூடினார். "ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க?"

"பின்னே என்னடா? உன் வண்டி பழைய இரும்புக்குப் போயிட்டா, அப்புறம் எதைவிட என்னுது உசத்தின்னு நான் சொல்றது?"