பக்கத்து இருக்கைக் கதவு

வளைவில் கார் திரும்பும்போது பக்கத்து இருக்கையின் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. வெயிலும் சாலை இரைச்சலும் உள்ளே விழுகின்றன. ஓட்டுகிற பெரியவரின் கை சட்டென்று நீண்டு, ஆளில்லாத இருக்கைக்குக் குறுக்கே, ஒரு தோளின் உயரத்தில் நிற்கிறது. வண்டியை ஓரங்கட்டுகிறார். மகள் அனுப்பிவைத்த மெக்கானிக்கை அவர் பின் இருக்கையில்தான் உட்காரவைத்திருக்கிறார். "எத்தனை நாளா சார் இப்படி?" என்று கேட்கிறார் மெக்கானிக். "ரெண்டு வருஷமா. மாத்துங்க மாத்துங்கன்னு வீட்டுக்காரி சொல்லிட்டே இருந்தா. நான்தான் உன்னைப் பிடிச்சுக்கறேனேன்னு சொல்லிடுவேன். கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்பவும் ஒரு கையாலதான் ஓட்டினேன்." அந்த இருக்கைக்கு முன்னால், கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பில் அவள் செருகிவைத்த கொண்டை ஊசி மின்னுகிறது. மெக்கானிக் இறங்கி வந்து கதவை மெதுவாகச் சாத்துகிறார். "புது லாக் போட்டா இனிமே திறக்காது சார்." "சரிப்பா" என்கிறார் பெரியவர். நீட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை.