களிம்புக் கோடு

பழைய ராணுவப் பெல்ட்டுகளையும் தோள்வார்களையும் தண்ணீர்ப் புட்டிகளையும் சேர்த்து வைக்கிற தேவசகாயத்தின் வீட்டுக்கு ஒரு மத்தியானம் சம்பூரணம் அம்மாள் வந்தார். காலமான கணவரின் பட்டாளத்துக் கான்வாஸ் பெல்ட்டைப் போன மாதம் மகன் இவரிடம் விற்றுவிட்டானாம். ஒருதடவை பார்க்க வேண்டுமாம். திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தோடுதான் தேவசகாயம் உள்ளே கூட்டிப்போனார். துணிக்கடைப் பொம்மை ஒன்றின் இடுப்பில் பெல்ட் இருந்தது.

“இவ்ளோ ஒல்லி இல்லியே தம்பி அவரு,” என்றார் அம்மாள்.

தேவசகாயத்தின் முகம் சுருங்கியது. பொம்மைக்குப் பொருந்தட்டும் என்று பக்கிளை இழுத்து இறுக்கியது அவர்தான். கட்டியிருந்தவரின் அளவை மாற்றவே கூடாது என்று மற்ற சேகரிப்பாளர்களோடு சண்டை போடுகிறவரும் அவர்தான். பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பக்கிள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த இடத்தில் பித்தளைக் களிம்பு பச்சையாகக் கோடு போட்டிருந்தது. பக்கிளை அந்தக் கோட்டுக்கே நகர்த்தி மாட்டி, பெல்ட்டை வெறும் வளையமாகத் தூக்கிப் பிடித்தார்.

அம்மாள் கிட்டே வந்து அந்த வளையத்தைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். கண்ணை மூடி, கன்னத்தைக் காற்றில் லேசாகச் சாய்த்தார்.

“மூச்ச இழுத்துப் புடிச்சிக்கினு நிக்கிறாரு,” என்றார். “பரேடுதான் முடிஞ்சிபோச்சே. கொஞ்சம் லூஸ் பண்ணி உடு தம்பி.”

தேவசகாயம் குனிந்து பார்த்தார். தளர்த்துகிற பக்கமாக இரண்டு விரல் தள்ளி, மங்கலாக, இன்னொரு பச்சைக் கோடு இருந்தது.