பூச்சி தின்னாத பக்கம்

வாடகை நூலகத்துக்குப் புதிதாக வந்த நாவலைத் தின்று முடித்துவிட்டு, புத்தகப் பூச்சி அலுப்போடு வெளியே வந்தது. பக்கத்து அட்டையில் பசையை நக்கிக்கொண்டிருந்த கரப்பான், "எப்படிக்கா இருக்கு?" என்றது.

"எப்படி இருக்கும்? காதல் கதைன்னா முந்நூறு பக்கம் முறைச்சுக்கிறாங்க. மாயாஜாலக் கதைன்னா மந்திர வாளைத் தேடிக்கிட்டே இருக்கான். இதுல ரெண்டையும் கலந்து வச்சிருக்காங்க. வெறும் சக்கை."

கரப்பான் உள்ளே எட்டிப் பார்த்தது. புத்தகம் சல்லடையாகிக் கிடந்தது. வாள் தேடிப் போனவன் வெறுங்கையோடு காதலியிடம் திரும்பி வரும் பக்கத்தில் மட்டும் ஒரு பல்கூடப் படவில்லை.

"இதை மட்டும் ஏன்க்கா விட்டுட்ட?"

பூச்சி அந்தப் பக்கத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அதையும் தின்னுட்டா, நாளைக்கு நான் எதைப் படிக்கிறது?"