முதல் பாட்டில்

சர்க்கரை நோய் முகாம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. சோதித்த நாற்பத்திரண்டு பாட்டிலும் செங்கல் நிறம்.

லேப்காரர் சாமுவேல்ராஜ் ஸ்பிரிட் விளக்கை மூடி அணைத்தார். கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மனுஷன். வந்த இடம், நாகலாபுரம் ரோட்டில் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு தீப்பெட்டி ஆபீஸ்; தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

வேலை லேசானது. முந்தின நாளே ஆளுக்கொரு காலி பென்சிலின் பாட்டில் கொடுத்தாயிற்று. விடிந்ததும் சிறுநீர் பிடித்து வர வேண்டும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால் தெரிந்துவிடும். நீலமாகவே நின்றால் பிழைத்தான். பச்சை, மஞ்சள் என்றால் கொஞ்சம் சர்க்கரை. செங்கல் நிறம் என்றால் முற்றிய கேஸ்.

நாற்பத்திரண்டு பேருமா முற்றிய கேஸ்?

"கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுதவன் வீட்டுல கூட இப்படி வராது. என்னத்தத் தின்னு தொலைக்கீங்க?"

"கம்மங்கஞ்சி சார்" என்றது கூட்டம்.

"கஞ்சிக்கு இந்த நிறம் வராது."

முதலாளி செண்பகராஜ் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். காலையில் முதல் பாட்டிலைத் தானே நீட்டி, கைதட்டல் வாங்கி, போட்டோவும் எடுத்துக்கொண்டவர். 'சோதனைக்குப் பயப்படுறவன் கோழை' என்று மைக்கில் முழங்கியவர். அந்தப் பாட்டில் சந்தனம், குங்குமம் வைத்த தட்டில் தனியாக வீற்றிருந்தது. அதைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"நேத்தே சொன்னேன். சீக்காளிய வச்சுத் தொழில் பண்ண எனக்கு ஏலாது. சர்க்கரை இருக்கவன் திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம்."

"அப்ப ஆபீஸப் பூட்டிருங்க. ஒரு ஆளு மிச்சமில்ல" என்றார் சாமுவேல்ராஜ்.

முதலாளி உட்கார்ந்துவிட்டார்.

சாமுவேல்ராஜ் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே அச்சு. அண்ணன் தம்பிக்குக் கூட இப்படி ஒத்துப்போகாது.

"இது பூரா ஒரே ஆளு சரக்கு. யாரு?"

சாமுவேல்ராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சொல்லாட்டி எல்லாருக்கும் சர்க்கரைன்னு எழுதிக் கொடுத்துட்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பெட்டி ஒட்டும் வெயிலுகந்தம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட வாங்கினோம் சார்."

"எல்லாருமா?"

"சர்க்கரைன்னு வந்தா வேலைய விட்டு நிறுத்திருவேன்னு மொதலாளி சொன்னாவ. அண்ணாச்சி திடமான ஆளு. ஒரு குடம் தண்ணிய ஒத்தையில குடிப்பாவ. எப்பப் போயிக் கேட்டாலும் இல்லேன்னு சொல்ல மாட்டாவ."

சாமுவேல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"எம்மா, குடங்குடமாக் குடிச்சிட்டு நிமிசத்துக்கு ஒருதரம் ஒதுங்குதாருன்னா அதுதான் சீக்கே! இருக்கதுலயே பெரிய சர்க்கரைக்காரனாப் பாத்துப் பிடிச்சிருக்கீங்களே, உங்களையெல்லாம் எதால அடிக்க?"

வாசல் கேட் அருகே வாட்ச்மேன் கருத்தையா நின்றுகொண்டிருந்தார். காலில் அழுக்குத் துணிக்கட்டு.

"அது எத்தன நாளா?"

"முள்ளு குத்தினது சார். மூணு மாசமா ஆறல."

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வாரும். இல்லேன்னா காலு போயிரும்."

கருத்தையா தலையாட்டினார். கண்ணெல்லாம் முதலாளி மேல்தான். கால் போவதை விட வேலை போவதுதான் அவருக்குப் பயம்.

பயப்பட்டது சரிதான். முதலாளிக்குப் போன தைரியம் திரும்பிவிட்டது.

"சீக்கக்கூட மன்னிச்சிருவேன். பித்தலாட்டத்த மன்னிக்க மாட்டேன். அடுத்தவன் பாட்டில தன்னுதுன்னு நீட்டினவன் ஒருத்தனும் இங்கன வேலை பாக்க வேண்டாம். கொடுத்தவன் இப்பமே வெளிய போகணும். ஏலே கருத்தையா, கேட்டு சாவியக் கொண்டால!"

சாமுவேல்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கைத் திரும்பவும் ஏற்றினார். தட்டிலிருந்த பாட்டிலை எடுத்தார்.

"அது எதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்!"

"முகாமுன்னா எல்லாருக்கும்தான்."

நீலம் கொதித்தது. பச்சை. மஞ்சள். அப்புறம் செங்கல்.

"மொதலாளி, ஒங்களுக்கும் முத்திப் போச்சே."

செண்பகராஜ் முகம் வெளிறியது.

சாவியை நீட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவருக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சாவியை முதலாளி கையில் வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"பதறாதீங்க மொதலாளி, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. விடியக்காலம் எல்லாருக்கும் முந்தி நீங்க வாங்கிட்டுப் போனதும் என்னுதுதான?" என்றார் கருத்தையா.