மண் போடாத குவளை

மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும்போது, மண் போடாத குவளை ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பது சஹானாவின் ஆய்வகத்தில் வழக்கம். அதில் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அறிக்கை தரக்கூடாது.

நீலசந்திராவில் சந்திரம்மா குடியிருக்கும் வீட்டு வாசல் மண்ணில் பூஜ்யம் வந்தது. மண் போடாத குவளையில் அறுநூற்றுப் பன்னிரண்டு. சஹானா மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதே எண்.

"குவளையக் கழுவினியா, இல்ல தீர்த்தம் தெளிச்சு எடுத்து வெச்சியா?" என்றார் ஆய்வகத் தலைவர் கேசவ் சார். "திரும்பப் பண்ணும்மா."

சந்திரம்மாவின் இரண்டு வயதுப் பெண் மண் தின்றாள். ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அறிக்கையைக் காட்டினால்தான் வாசல் மண்ணை அள்ளிப்போட வீட்டு ஓனர் சம்மதிப்பார்.

நான்காவது முறைக்கு சஹானா புதுக் குவளையை அமிலத்தில் கழுவி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மதியம் சந்திரம்மா போன் செய்தாள்.

"மேடம், ரிப்போர்ட் ஆச்சா? பாப்பாவ காலைலேர்ந்து ரூம்லயே பூட்டி வெச்சிருக்கேன். அப்பவும் வாயெல்லாம் கறுப்பா மண்ணு."

"இன்னும் ஆகலம்மா," என்றபடி சஹானா அலமாரியைத் திறந்தாள்.

குவளையின் அடியில் கறுப்பு மண் படிந்திருந்தது. அதன் நடுவே சின்ன விரல் ஒன்று வழித்தெடுத்த கோடு, இன்னும் ஈரமாக.